அட்டையின் முதுகை ஒட்டிவிடாதீர்கள்

போன மாதம் என் மேசைக்கு ஒரு ப்ளைவுட் பலகை வந்தது. நாலடிக்கு மூன்றடி. அதில் வரிசையாக 28 பழைய பட அஞ்சலட்டைகள். ஊட்டி, குன்னூர், கேத்திப் பள்ளத்தாக்கு, கொடைக்கானல் ஏரி, இலங்கையின் நுவரெலியா. எல்லாவற்றையும் வெள்ளைப் பசை தடவி அழுத்தி ஒட்டியிருந்தார்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். முகப்பில் மாட்ட அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது வேண்டும் என்று பேரன் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்திருக்கிறார். ஒட்டி, காய்ந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆச்சி பார்த்திருக்கிறார். "பின்னாடி அப்பச்சி எழுதியிருந்தாகளே, அது எங்க?" அப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா.

இந்த வருஷத்தில் எனக்கு வந்த நாலாவது பலகை இது. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழைய காகிதங்களைச் செப்பனிட்டுக் காப்பது என் வேலை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளிலிருந்து கணக்கு ஏடு, கல்யாணப் பத்திரிகை, ரவிவர்மா படம் என்று எல்லாம் வரும். அஞ்சலட்டைகள் ஏராளமாக வரும். கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் வியாபாரம் செய்ய, போனவர்கள் ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் போட்டவை. கோடையில் மலைக்குப் போனவர்கள் போட்டவை. இப்போது விடுதிகள் பெருகப் பெருக, இவையெல்லாம் சுவருக்கு ஏறுகின்றன.

ஒட்டியவர்களிடம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "படம்தானே முக்கியம்? அந்தக் காலத்து ஊட்டி எப்படி இருந்ததுன்னு ஜனங்க பார்க்கட்டும்."

அங்கேதான் தப்பு. அந்தக் காலத்து ஊட்டி எப்படி இருந்தது என்று அந்தப் படம் சொல்லாது. மலைக்கு வருகிறவர்களுக்கு, முக்கியமாக வெள்ளைக்காரர்களுக்கு, விற்பதற்கென்று செய்த சரக்கு அது. சென்னை அரசாங்கமே 1870லிருந்து கோடைதோறும் ஊட்டிக்குப் போய் உட்கார்ந்தது. அவர்களும் அவர்கள் விருந்தாளிகளும் ஊருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். தங்கள் ஊர் போலவே குளிர்ந்த, அமைதியான, ஆளில்லாத ஒரு மலை வேண்டும். ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் க்ளைன் மாதிரி சென்னைப் பதிப்பாளர்களும், லண்டன் ரஃபேல் டக்கும், கொழும்பு பிளாட்டேயும் அதைத்தான் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஏரி, தேவாலயம், பங்களா, வளைந்து போகும் பாதை, பனி மூட்டம். எந்த அட்டைக் கட்டை எடுத்தாலும் இதேதான் திரும்பத் திரும்ப வரும். அந்த ஏரியும்கூட இயற்கையானதில்லை. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஓடையை மறித்துக் கட்டியது.

வண்ணத்தை நம்பாதீர்கள், இதை மட்டும் எத்தனை தடவை சொல்வது! எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். வண்ணத்தைப் பின்னால் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் நல்ல வண்ண அச்சு ஜெர்மனியில்தான் என்று படம் கப்பலேறி அங்கே போகும். நீலகிரியைக் கண்ணால் காணாத ஒரு தொழிலாளி, வானத்துக்கு நீலமும் அடிவானத்துக்கு ரோஜா நிறமும் மரத்துக்குப் பச்சையும் போட்டுவிடுவார். நிலா வெளிச்சத்தில் ஏரி என்று ஒரு அட்டை வரும். அப்படிப்பட்ட பலவும் பகலில் எடுத்த படங்கள்தான். நீலத்தை அடித்து நிலாவை வரைந்துவிடுவார்கள். இது உலகம் முழுக்க நடந்த வழக்கம், சுவிட்சர்லாந்துப் பள்ளத்தாக்குகளுக்கும் இதே கதிதான்.

அந்தப் பலகையில் இருந்த கேத்தி அட்டையையே சொல்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பள்ளத்தாக்கு. பசேல் என்று இரண்டு சரிவு, நடுவில் ஒரு பாதை, தூரத்தில் புகை மாதிரி மேகம். இடது ஓரத்தில் பாதையில் ஒரு சின்னப் புதர். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். பச்சைக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள் வேறு உருவம் காட்டின. தலையில் விறகுக் கட்டு, அதன் கீழே ஒரு முகம், தோளோடு சுற்றிய வெள்ளைத் துணி. ஒரு பெண். வண்ணம் போட்டவர் அவளைப் புதர் என்று நினைத்துப் பச்சையை அடித்திருக்கிறார்.

கேத்தியில் தலைமுறை தலைமுறையாக நீலகிரியின் படகர் இன மக்கள் உழுது விதைக்கிறார்கள். அந்தச் சரிவெல்லாம் அவர்களுடைய நிலம், ஹட்டிகள் என்னும் அவர்கள் ஊர்கள் நிறைந்த இடம். அட்டையில் ஒரு வீடு இல்லை, ஒரு வயல் இல்லை, இருந்த ஒரே பெண்ணும் புதராகிவிட்டாள். ஆட்களைக் காட்டும் அட்டைகள் உண்டுதான். 'தோடர் மந்து', அதாவது தோடர் குடியிருப்பு, என்று வளைந்த குடிசை முன்னால் நாலு பேரை நிறுத்தி எடுத்திருப்பார்கள். நுவரெலியா அட்டைகளில் நகை போட்டுக் கூடையோடு நிற்கும் தேயிலைப் பெண்களுக்கு அடியில் 'தமிழ்க் கூலி' என்று இருக்கும். பெயர் இருக்காது. அவர்கள் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள் படத்துக்குள் வராது. விடுதிச் சுவரில் இதை மாட்டி, 'அன்றைய மலை வாழ்க்கை' என்று கீழே எழுதுவது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

சரி, தேதி. தபால் முத்திரையில் இருக்கும் வருஷம், அட்டை போன வருஷம். படம் எடுத்த வருஷம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நெகட்டிவை இருபது வருஷம் அச்சடித்து விற்பார்கள். இந்தக் கேத்தி அட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் தபால்தலை, முத்திரையில் 34 என்று தெரிந்தது. கேத்தி வழியாக ரயில் ஊட்டிக்குப் போனது 1908ல். படத்தில், ரயில் பாதை தெரிய வேண்டிய சரிவில் தண்டவாளத்தின் சுவடே இல்லை. ஒன்று, படம் அதற்கு முன்பே எடுத்தது. இல்லையென்றால் பாதையை அழித்துவிட்டார்கள். எப்படியானாலும் 1934ன் கேத்தி அதில் இல்லை.

அதனால்தான் தபால்தலையை ஆவியில் காட்டி உரிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். தலை போனால் வயசும் போச்சு. போன வருஷம் ஒரு வியாபாரி, படத்தின் மேலேயே யாரோ கிறுக்கியிருக்கிறார்கள், சுத்தம் செய்து தாருங்கள் என்று வந்தார். ஆதியில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான் என்று விதி. அதனால் படத்தின் ஓரத்தில் எழுதினார்கள். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள பிரிட்டனில் 1902ல்தான் அனுமதித்தார்கள், அப்புறம் மற்ற நாடுகள். அந்தக் கிறுக்கல்தான் அட்டையின் வயசைச் சொல்லும் சாட்சி. அழிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

பலகைக்கு வருகிறேன். ஈரம் காட்டினால் பசை இளகும், மையும் ஓடிவிடும். அதனால் பின்னாலிருந்து மரத்தைச் சீவினேன். ஓர் அட்டைக்கு இரண்டு நாள். கடைசிப் படலம் போனதும், காய்ந்த பசை கண்ணாடி மாதிரி நின்றது. அதன் வழியே எழுத்து தெரிந்தது. உ, சிவமயம். இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்திற்கு எழுதவும். நடுவில் நாலு வரி மரத்தோடு போய்விட்டது. கடைசியில் இப்படி: "படத்தில் உள்ளதுபோல் இங்கில்லை. மூன்று நாளாய் மழை, மலையே தெரியவில்லை."

அந்த மலையைப் பற்றி அந்த வீட்டில் இருந்த ஒரே உண்மையான வரி அது. அதைத்தான் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

இனி தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். அட்டையை எடுத்ததும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். சுவரில் நகலை மாட்டுங்கள். முற்றத்து வெயில் பட்டால் மூலத்தின் மை வெளுத்துவிடும். நகலுக்குக் கீழே, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்ற படம், வண்ணம் பின்னால் போட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். பின்பக்கத்து எழுத்தின் நகலையும் பக்கத்திலேயே வையுங்கள். மூலத்தை ஒவ்வொன்றாக பாலியஸ்டர் உறையில் போட்டு, சுண்ணாம்புச் சுவரில் ஒட்டாத அலமாரியில் வையுங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் இழுக்கும். குறிப்பு எழுதினால் பென்சிலால். லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப்பும் கூடாது. அந்துருண்டை வேண்டாம், வசம்பைத் துணியில் முடிந்து அட்டையில் படாமல் வைத்தால் போதும். ஏற்கெனவே ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள்.

குப்பை என்று நினைத்தால் நம் பக்கத்துக் கோட்டையூரை நினைத்துக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா அங்கே உட்கார்ந்து நோட்டீசையும் அழைப்பிதழையும் விடாமல் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்துக்கு அடித்தளம்.

28ல் பதினோரு அட்டை முடிந்திருக்கிறது. அந்த வரியை ஆச்சியிடம் படித்துக் காட்டியபோது அவர் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பச்சிக்குக் குளிரு ஒத்துக்காது. கம்பளி எடுத்துட்டுப் போனாகளோ என்னமோ," என்றார். அந்த விவரம் போய்விட்ட நாலு வரிக்குள் இருந்திருக்கலாம்.