செருகியதும் வந்தது, உடனே எங்கே போனது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு விளக்குகளைக் கணினி வழியே இயக்க ஜிக்பீ (வீட்டுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறை) யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கியிருக்கிறார். உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியில் அதைச் செருகினால், லினக்ஸின் மைய நிரலான கர்னலின் பதிவேட்டில், அந்த டாங்கிளுக்கு 'டிடிஒய் யூஎஸ்பி0' என்ற பெயர் தோன்றுகிறது. அடுத்த மூச்சுக்குள் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று இன்னொரு வரி வந்துவிடுகிறது. டாங்கிளில் உள்ள சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. "டிரைவர் இல்லையா, டாங்கிள் கெட்டுப்போனதா, இல்லை லினக்ஸுக்கே இதெல்லாம் சரிப்பட்டு வராதா?" என்று கேட்கிறார்.

மூன்றும் இல்லை. டிரைவர், அதாவது கருவியோடு பேசும் நிரல், இருக்கிறது, தன் வேலையை ஒழுங்காகச் செய்தும் இருக்கிறது. அதன் கையில் இருந்ததை வேறொருவர் வந்து பிடுங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த வேறொருவர் யார் என்று சொல்வதற்கு முன், ஒரு யூஎஸ்பி பொருளை லினக்ஸ் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்று பார்த்துவிடுவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டாங்கிளைப் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் இரண்டு சிப்புகள் இருக்கும். ஒன்று ரேடியோ சிப். விளக்குகளோடும் சென்சார்களோடும் பேசுவது அதுதான், ஆனால் அதற்கு யூஎஸ்பி தெரியாது. சீரியல் என்ற பழைய மொழியில், ஒரு பிட்டுக்குப் பின் இன்னொரு பிட்டாகத்தான் பேசும். அதனால் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார்: சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் சிப். சிபி2102, சிஎச்340, எஃப்டி232 என்றெல்லாம் பெயர் பார்த்திருப்பீர்கள். கணினியின் கண்ணுக்குத் தெரிவது இந்த மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான். அவருக்குப் பின்னால் ரேடியோ இருக்கிறதா, 3டி பிரிண்டர் இருக்கிறதா என்று கர்னலுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாசகரின் சிக்கலே இதில்தான் இருக்கிறது.

சரி, செருகுகிறோம். யூஎஸ்பியில் தரவுக்கென்று இரண்டு கம்பிகள் உண்டு. யாரும் இல்லாதபோது இரண்டும் தாழ்ந்த மின்னழுத்தத்தில் கிடக்கும். வந்து சேரும் பொருள், 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக அதில் ஒரு கம்பியை மேலே இழுக்கும். வகுப்பில் பையன் கை தூக்குவது மாதிரி. எந்தக் கம்பியை இழுத்தது என்பதை வைத்தே வேகமும் தெரிந்துவிடும்: ஒன்றை இழுத்தால் நொடிக்கு 12 மெகாபிட், மற்றதை இழுத்தால் 1.5 மெகாபிட். இதுவரை ஒரு பைட்கூடப் பரிமாறப்படவில்லை!

புதிதாக வந்தவருக்கு இன்னும் முகவரி இல்லை. ஆகவே எல்லோருக்கும் தொடக்கத்தில் பூஜ்யம்தான் முகவரி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பூஜ்யத்தில் நின்றால் குழப்பம் வரும் அல்லவா? அதற்காகக் கணினி ஒரு நேரத்தில் ஒரு துளையை மட்டும் ரீசெட் செய்து பேசும். பிறகு 1 முதல் 127 வரை ஏதாவது ஒரு முகவரியைக் கொடுத்து, "நீ யார்?" என்று கேட்கும். பதிலாக வருவது 18 பைட். அவ்வளவு சின்ன அறிமுகம். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 8, 9ஆம் இடங்களில் தயாரிப்பாளர் எண்ணும், 10, 11ஆம் இடங்களில் பொருள் எண்ணும் இருக்கும். சிஎச்340 சிப்புக்கு, பதினாறுநிலை எண்ணில், 1ஏ86:7523.

இப்போது இந்த எண்ணுக்கு உரிய டிரைவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கான டிரைவர்கள் வட்டில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுப்பி "இது உன்னுடையதா?" என்று கேட்டால் விடிந்துவிடும். எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றி வைப்பதும் வீண்.

லினக்ஸ் இதற்கு வைத்திருக்கும் தீர்வு ஒரு தொலைபேசிப் புத்தகம். அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை என்பதுதான் அழகு. டிரைவர் எழுதுகிறவர் தன் நிரலுக்குள்ளேயே ஒரு பட்டியல் வைக்கிறார்: இன்ன தயாரிப்பாளர் எண், இன்ன பொருள் எண் கொண்டவை என்னுடையவை. நிரலை கம்பைல் செய்யும்போது, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போது, ஒரு சிறு கருவி அந்தப் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு வரியையும் ஓர் எழுத்துச்சரமாக்கி மாட்யூல் கோப்புக்குள்ளேயே (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு அது) ஒட்டிவிடுகிறது. 'யூஎஸ்பி' என்று தொடங்கும் அந்தச் சரத்தில் தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு, வகை என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. டிரைவருக்குக் கவலையில்லாத இடங்களில் நட்சத்திரக் குறி: எது வந்தாலும் சரி. பிறகு டெப்மாட் என்ற நிரல் எல்லா மாட்யூல்களையும் புரட்டி, இந்தச் சரங்களைப் பொறுக்கி, ஒரே கோப்பில் அடுக்கி வைக்கிறது. அதுதான் புத்தகம்.

பொருள் செருகப்படும்போது கர்னல் அதே வடிவில் ஒரு சரம் தயாரிக்கும். இதில் நட்சத்திரம் கிடையாது, எல்லா இடமும் நிரம்பியிருக்கும், ஏனென்றால் வந்தவர் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்தச் சரத்தை "இப்படி ஒருவர் வந்திருக்கிறார்" என்று கர்னல் வெளியே கூவும். யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, புத்தகத்தில் நட்சத்திரங்களோடு பொருத்திப் பார்த்து, உரிய மாட்யூலை ஏற்றச் சொல்லும். ஏறிய மாட்யூல் வந்தவரை நேரில் பார்த்து, "ஆமாம், நம்ம ஆள்தான்" என்று ஏற்றுக்கொள்ளும். டிடிஒய் யூஎஸ்பி0 பிறப்பது அப்போதுதான். கர்னலுக்குப் புத்தகம் தெரியாது, புத்தகத்துக்கு வன்பொருள் தெரியாது, டிரைவருக்கோ யார் கூப்பிட்டார்கள் என்பதே தெரியாது. இருந்தும் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் புதிய பொருள் ஒன்றைச் சேர்க்கப் பல நேரம் ஒரே ஒரு வரி போதும். சிபி210எக்ஸ் டிரைவரின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது எந்தக் கருவி என்ற குறிப்பு. யார் யாரோ, எங்கெங்கோ, தங்கள் மேசையில் கிடந்த ஏதோ ஒரு பெட்டி வேலை செய்யவில்லை என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறார்கள். நான் சில இரவுகள் அதைக் கதைப்புத்தகம் போலப் படித்ததுண்டு. உங்கள் டாங்கிளின் எண் பட்டியலில் இல்லையென்றால், டிரைவர் ஏறிய பிறகு, கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்புறையில் அந்த டிரைவருக்குரிய 'நியூ ஐடி' கோப்பில் எண்ணை எழுதினாலும் போதும். கம்பைலே வேண்டாம். மறுதொடக்கம் வரை தாங்கும்.

இந்த எண்களுக்குள் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. 2014இல் எஃப்டி232 சிப்பைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம், தன் சிப்புகளைப் போலி செய்து விற்பவர்கள் மீதிருந்த எரிச்சலில், விண்டோஸ் டிரைவரில் ஒரு வேலை செய்தது. போலி சிப் என்று தெரிந்தால் அதன் பொருள் எண்ணை பூஜ்யமாக மாற்றி எழுதிவிடும். புத்தகத்தில் பூஜ்யத்துக்கு எதிரே யாரும் இல்லை. ஆகவே சிப் நன்றாக இருந்தும் அநாதை. வாங்கியவருக்கோ அது போலி என்றே தெரியாது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸ் தரப்பு செய்தது என்ன தெரியுமா? எஃப்டிடிஐயின் தயாரிப்பாளர் எண்ணோடு பூஜ்யம் சேர்ந்த 0403:0000 என்ற எண்ணையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அநாதைகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. போலியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வாங்கியவரைத் தண்டித்தது அநியாயம் என்பதே என் கட்சி.

இப்போது வாசகரின் வீட்டுக்கு வருவோம். தயாரிப்பாளர் எண் 16 பிட், அதாவது மொத்தமே 65,536 எண்கள். அதைத் தருவது யூஎஸ்பி அமைப்பு, பணம் வாங்கிக்கொண்டுதான் தரும். சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் அந்தச் செலவுக்குப் போவதில்லை. சிப் வரும்போது அதில் இருந்த எண்ணையே அப்படியே விட்டுவிடுவார்கள். விளைவு: ஜிக்பீ டாங்கிள், மைக்ரோகன்ட்ரோலர் பலகை, வானிலைக் கருவி என எல்லாமே 1ஏ86:7523 என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்.

அதே எண்ணோடு பிரெயில் திரை ஒன்றும் உண்டு. பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் கருவி. அதை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் உபுண்டுவோடு வருகிறது. 22.04இல் அதன் யூடெவ் விதி (எது வந்தால் என்ன செய்வது என்று யூடெவ்வுக்குச் சொல்லும் வரி), 1ஏ86:7523 வந்த உடனே பிஆர்எல்டிடிஒய்யை எழுப்பிவிடும். எழுந்தவர் கர்னல் டிரைவரைத் தள்ளிவிட்டு, சிப்பைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்வார். டிடிஒய் யூஎஸ்பி0 போய்விடும். வாசகரின் பதிவேட்டில், துண்டிப்பு வரிக்கு ஒட்டிய வரியில் அந்தப் பெயரே இருந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் முதல் தடவை கவனிக்கவில்லை. ஓர் இரவு முழுக்க கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

இணையத்தில் தேடினால் "அந்த நிரலை நீக்கிவிடு" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். வேலை நடக்கும். ஆனால் கணினியைப் பலர் பயன்படுத்தினால் அப்படிச் செய்யாதீர்கள். பார்வையற்ற ஒருவருக்கு அந்த நிரல் தானாக எழவில்லை என்றால், அதை எழுப்புவதற்கான திரையையே அவரால் படிக்க முடியாது. தானாக எழும் அந்த விதி அதற்காகத்தான். விதிக் கோப்பை 'இடிசி' கோப்புறையின் யூடெவ் விதிகளுக்குள் அதே பெயரில் நகலெடுத்து, 1ஏ86:7523 வரியை மட்டும், யூடெவ் படிக்காமல் விடும் குறிப்பு வரியாக மாற்றி முடக்குங்கள். அங்கே இருக்கும் கோப்புக்கே முன்னுரிமை. மற்ற பிரெயில் கருவிகளுக்கு எதுவும் ஆகாது.

இன்னும் இரண்டு சில்லறைத் தடைகள். டிடிஒய் கோப்பைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று வரலாம். டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அப்புறம், இன்று யூஎஸ்பி0 ஆக இருப்பது நாளை யூஎஸ்பி1 ஆகலாம். யார் முதலில் கை தூக்கினார் என்பதைப் பொறுத்த எண் அது. 'சீரியல்' கோப்புறையில் 'பை ஐடி' என்ற இடத்தில் உள்ள நீளமான பெயரைப் பயன்படுத்தினால் மாறாது. சிஎச்340இல் பொதுவாக வரிசை எண் கிடையாது. அதனால் ஒரே மாதிரி இரண்டு டாங்கிள் இருந்தால், எந்தத் துளை என்று சொல்லும் 'பை பாத்' பெயர்தான் கைகொடுக்கும்.

மூன்று முறை பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில நேரம் சரியாகவும் ஆகும். காரணம் மூன்றில் இல்லை. ஒவ்வொரு செருகலும் ரீசெட்டிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது, நிரல்கள் எழும் வரிசையும் மாறலாம். ஒரு முறை பலித்ததை மந்திரமாக்கிவிட்டு பதிவேட்டைப் படிக்காமல் இருப்பதுதான் எனக்குக் கோபம். எது நடந்தது என்று அதில் எழுதியே இருக்கிறது.

இன்னொரு கோபமும் உண்டு. 2007இல் கர்னல் உருவாக்குநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன், எந்த நிறுவனமும் தன் கருவி எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தைக் கொடுத்தால் போதும், லினக்ஸ் டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்தார். விவரத்தைத் தராத நிறுவனங்கள் இன்றும் உண்டு. அந்தக் கருவிகளுக்கு யாராவது பொருளையும் கம்பியில் ஓடும் பிட்டுகளையும் வைத்துக்கொண்டு ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது. அறிவார்ந்த வீடு, ஆற்றல் சேமிப்பு என்று பொது நிதி போகும் ஆய்வுகளில், கருவியின் விவரக்குறிப்பைத் திறந்து வைப்பதை ஒரு நிபந்தனையாக்கினால் என்ன? டிரைவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அதில் கொஞ்சம் போகட்டும்.

வாசகர் விதியை முடக்கிவிட்டு மறுபடி எழுதினார். இப்போது டிடிஒய் யூஎஸ்பி0 நிலையாக நிற்கிறது, ஜிக்பீ கருவிகளை இயக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி நிரல் டாங்கிளோடு பேசுகிறது. ஆனால் தூரத்து அறை விளக்கு அடிக்கடி காணாமல் போகிறதாம். "மறுபடியும் டிரைவரா?" என்றார். டாங்கிளை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். நீல நிறத் துளை, பக்கத்திலேயே வெளி வட்டு ஒன்று.

நீலம் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. நொடிக்கு 5 கிகாபிட் ஓடும் அந்தக் கம்பிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் 2012இலேயே அளந்து வெளியிட்டது. ஜிக்பீயின் 11 முதல் 26 வரையான பதினாறு சேனல்களும் அதே பகுதியில்தான் இருக்கின்றன. இந்த ஒன்றுக்கு மட்டும் டிரைவரிலும் பதிவேட்டிலும் தேட எதுவுமில்லை. ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிள் வாங்கி, யூஎஸ்பி 2.0 துளையில் செருகி, டாங்கிளை வட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.