ஆத்துல தண்ணி குறைஞ்சா தீவு கரையாயிடும்

ஜூன் 12 வந்தா மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களானு நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் பேச்சு ஓடும். அந்த தண்ணிக்குள்ளயே குடும்பம் நடத்துற ஜீவன்களப் பத்தி யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல, வடக்க ஓடுற சம்பல் ஆத்துக்கு ஃபீல்ட் வொர்க் போற வரைக்கும் நானும் கேட்டதில்ல.

சம்பல்ல காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவஹர் சாகர்னு வரிசையா மூணு டேம், அதுக்குக் கீழ கோட்டா பேரேஜ்னு ஒரு தடுப்பணை, அங்கேருந்து ரெண்டு பெரிய வாய்க்கால் பிரிஞ்சு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்து கோதுமைக்கும் கடுகுக்கும் போகுது. பேரேஜுக்குக் கீழ ஆறு இளைச்சுப் போயிடும், பார்வதி மாதிரி துணை ஆறுங்க வந்து சேர்ந்தாத்தான் மறுபடி உயிர் வரும். உலகத்துல மிச்சம் இருக்கிற கரியால் முதலைல பெரும்பங்கு இந்த ஒரு ஆத்துலதான் இருக்கு. ஆண் கரியால் மூக்கு நுனில சின்ன பானை கவுத்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதனாலதான் அந்தப் பேரே (அங்க பானைய ‘கடா’ம்பாங்க). வளர்ந்த கரியாலுக்கு தரைல ஒழுங்கா நடக்க வராது, வயித்தால நகரும், ஆழமான தண்ணி இல்லன்னா அதுக்குப் போக்கிடமே இல்ல.

மார்ச் கடைசி, ஏப்ரல்ல மணல் மேட்டுல குழி தோண்டி முட்டை போடும், பொரிய ரெண்டு மாசம் ஆகும். அந்த நேரத்துல மேலேருந்து திடீர்னு தண்ணி விட்டா குழி நனைஞ்சு முட்டை மூச்சு முட்டிப் போச்சு. மழைக்கால வெள்ளமும் குஞ்சுகள அடிச்சுட்டுப் போகும்தான், ஆனா அது பொரிஞ்சதுக்கு அப்புறம் வர்ற வெள்ளம், காலங்காலமா பழகினது.

தண்ணி குறைஞ்சாலும் வேற ஆபத்து. கீழ் அலகு நீளமா இருக்கிற ஸ்கிம்மர் பறவை நடு ஆத்துத் தீவுல, வெறும் மணல்லதான் முட்டை வைக்கும். ஒரு தீவ கூடு கூடா எண்ணி நோட்டுல எழுதிட்டு வந்தேன், பத்து நாள் கழிச்சுப் போனா அது தீவே இல்ல, கரையோட ஒட்டிக்கிச்சு, மணல் பூரா நாய்த் தடம், கூட ஒரு எருமைக் குளம்பு. எண்ண ஒண்ணும் மிச்சமில்ல.

நான் விவசாயிக்குத் தண்ணி வேணாம்னு சொல்லல. பிப்ரவரிலேருந்து ஜூன் வரைக்கும் பேரேஜுக்குக் கீழ குறைஞ்சபட்ச ஓட்டம் நிக்காம இருக்கணும், கூட்டுறதோ குறைக்கிறதோ ஒரே ராத்திரில செய்யாம கொஞ்சம் கொஞ்சமா செய்யணும், அவ்ளோதான். மத்தியப் பிரதேசத்து மொரேனா பக்கம் தேவ்ரி பண்ணைல கரியால் முட்டை எடுத்துப் பொரிக்க வச்சு, குஞ்சு நாலடி வளர்ந்ததும் ஆத்துல விடுறாங்க, நல்ல வேலைதான், ஆனா மே மாசத்துல சில இடத்துல அந்த ஆத்த நான் முழங்கால் நனைய நடந்தே கடந்திருக்கேன்.