நிலம் ஆடும்போது ஆடாமல் நிற்பது எது?

நிலநடுக்கத்தை வரைய ஒரு பேனாவும் ஒரு தாளும் போதும் என்று தோன்றும். ஆனால் தாள் மேஜையில் இருக்கிறது, மேஜை தரையில் இருக்கிறது, பேனாவைப் பிடித்திருக்கும் தாங்கியும் அதே தரையில்தான் நிற்கிறது. தரை ஆடினால் எல்லாம் சேர்ந்தே ஆடும். தாளில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். அப்படியானால் ஆடாமல் நிற்கிற ஒன்றை எங்கே போய்த் தேடுவது? பழைய நிலநடுக்கக் கருவிகளைச் செய்தவர்கள் எல்லோரும் முட்டி மோதியது இந்தக் கேள்வியோடுதான்.

பலரும் சீனாவிலிருந்து தொடங்குவார்கள். கி.பி. 132இல் ஜாங் ஹெங் என்ற அறிஞர் லுவோயாங் அரசவைக்கு ஒரு வெண்கலக் கலத்தைச் செய்து கொடுத்தார். குறுக்களவு கிட்டத்தட்ட 2 மீட்டர். எட்டுத் திசைக்கும் எட்டு டிராகன்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு குண்டு, கீழே வாயைப் பிளந்தபடி எட்டுத் தேரைகள். ஒருநாள் ஒரு குண்டு மட்டும் விழுந்தது. ஊரில் யாருக்கும் அதிர்வு தெரியவில்லை. சில நாள் கழித்து, மேற்கே லோங்ஸியில் நிலம் நடுங்கிய செய்தியோடு தூதுவர் வந்து சேர்ந்தார் என்கிறது அந்தக் காலத்தைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட வரலாற்று நூல். அழகான கருவிதான். ஆனால் என் கணக்கில் அது அழைப்பு மணி, அளவுகோல் இல்லை. 1856இல் வெசூவியஸ் எரிமலை ஆய்வகத்தில் லூயிஜி பால்மியேரி அமைத்த கருவி இன்னும் கொஞ்சம் சொன்னது. வளைந்த குழாய்களில் பாதரசம் இருக்கும்; அது குலுங்கினால் மின்சுற்று இணையும், கடிகாரம் நிற்கும், காகித நாடா ஓடத் தொடங்கும். நடுக்கம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்தது. தரை எப்படி அசைந்தது என்ற படம் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தப் படத்துக்கு வழி காட்டியது ஊசல். கனமான பூட்டு ஒன்றை ஒரு சாண் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலைப் பிடித்த கையை விறுவிறுவென்று இடவலமாக ஆட்டினால், பூட்டு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். பள்ளியில் படித்த நிலைமம் இதுதான். கையை மெதுவாக நகர்த்தினால் பூட்டும் கூடவே வந்துவிடும். நொடிக்கு ஒரு தடவை போய்வரும்படி ஆட்டினாலோ, பூட்டு தாறுமாறாக வீசியடிக்கும். ஒரு சாண் ஊசலின் சொந்த அலைவு நேரமே சுமார் 1 நொடி என்பதால் வருகிற வினை இது.

ஆக, தன் ஆட்டத்தைவிட வேகமான அசைவுக்கு மட்டுமே பூட்டு அசையாமல் நிற்கும். தொலைவிலிருந்து வரும் நிலநடுக்க அலைகளில் ஒருமுறை போய்வரவே 15, 20 நொடி எடுப்பவை உண்டு. அவற்றைப் பிடிக்க ஊசல் அதைவிட மெதுவாக ஆட வேண்டும். 1 மீட்டர் நூலுக்கு 2 நொடி. நேரம் இரட்டிக்க நீளம் நான்கு மடங்காக வேண்டும். கணக்குப் போட்டால் 20 நொடிக்கு 100 மீட்டர் நூல்! அதற்கு ஒரு கோபுரம் கட்டலாம்தான், ஆனால் கோபுரமே காற்றுக்கு ஆடும்.

தப்பிக்கும் வழி நம் வீட்டு வாசல் கேட்டில் இருக்கிறது. தூண் நேர்குத்தாக நின்றால் கேட்டை விட்ட இடத்தில் நிற்கும். தூண் லேசாகச் சாய்ந்திருந்தால் கேட் தானாக நகர்ந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, சாவகாசமாக ஆடும். சாய்வு குறையக் குறைய ஆட்டம் இன்னும் மந்தமாகும். புவியீர்ப்பில் ஒரு சிறு பங்குதானே அதை இழுக்கிறது. 1 மீட்டர் ஊசலை இப்படிப் படுக்கவைத்து, அச்சை அரை பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்த்தால் 20 நொடி ஊசல் தயார். 100 மீட்டர் கோபுரம் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது. இதற்குக் கிடை ஊசல் என்று பெயர்.

1880 பிப்ரவரி 22இல் யோகோஹாமா குலுங்கியது. ஜப்பான் அரசு பாடம் நடத்த அழைத்திருந்த பிரிட்டிஷ்காரர்கள் ஜான் மில்ன், ஜேம்ஸ் யூயிங், தாமஸ் கிரே மூவரும் அதன்பின் இந்த வேலையில் முழுமூச்சாக இறங்கினார்கள். யூயிங் கிடை ஊசலில் ஒரு முள்ளைப் பொருத்தி, கடிகாரப் பொறியால் சுற்றும் புகையேற்றிய கண்ணாடித் தட்டின்மேல் அதை உரசவிட்டார். விழுந்த கோடு வியப்பைத் தந்தது. தரையின் அசைவு நினைத்ததைவிட மிகச் சிறியது, ஆனால் நெடுநேரம் நீடிப்பது, சிக்கலானது.

இதைவிடப் பெரிய வியப்பு தற்செயலாக வந்தது. ஜெர்மனியில் ரெபர்-பாஷ்விட்ஸ் என்பவர் நிலவின் ஈர்ப்பால் தூக்குக்குண்டு நூல் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கக் கிடை ஊசல் வைத்திருந்தார். 1889 ஏப்ரல் 17இல் போட்ஸ்டாம், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்ற இரண்டு ஊர்களிலும் அவருடைய ஊசல்கள் காரணமில்லாமல் துள்ளின. ஏறக்குறைய அதே நேரத்தில் டோக்கியோவில் நிலநடுக்கம் வந்த செய்தியைப் பின்னர் ஒரு இதழில் படித்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. சுமார் 9,000 கி.மீ. தாண்டி வந்த அதிர்வு அது!

சரி, இனி உராய்வு. மயிரிழை அசைவை நெம்புகோலால் 200 மடங்கு பெருக்கினால், முள் காகிதத்தில் உரசும் தடையும் 200 மடங்காகி எடையை இழுக்கும். ஜெர்மன் அறிஞர் எமில் வீஷெர்ட் இதற்குக் கண்ட மருந்து முரட்டுத்தனமானது. எடையை 1,000 கிலோ ஆக்கிவிட்டார். கோட்டிங்கனில் அவர் நிறுத்திய ஒன்று 17 டன். அசைவை 2,000 மடங்கு பெருக்கிக் காட்டும். இன்னொரு வேலையும் செய்தார். ஊசலை ஒருமுறை தட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். எது நிலத்தின் ஆட்டம், எது ஊசலின் ஆட்டம் என்று பிரிக்க முடியாது. சைக்கிள் பம்பு போன்ற காற்று உருளைகளைச் சேர்த்து அந்தச் சொந்த ஆட்டத்தை அவர் அடக்கினார்.

அந்தக் காலத்தில் பதிவுத்தாளைத் தயாரிப்பதே தனி வேலை. வழுவழுப்பான தாளை உருளையில் சுற்றி, புகையும் சுடரின்மேல் காட்டி, சீராகக் கரி படியவைப்பார்கள். முள் போகும் வழியில் கரி விலகி வெள்ளைக் கோடு தெரியும். நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் ஓர் அடையாளம் வைக்கும். கழற்றிய தாளை அரக்குக் கரைசலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். அதற்குள் விரல் பட்டால் ஒருநாள் பதிவு போச்சு. அப்புறம் அளவுகோலை எடுத்து, வேகமாக வரும் முதல் அலைக்கும் அதைவிட மெதுவாக வரும் இரண்டாம் அலைக்கும் இடையே எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். அருகில் வந்த நிலநடுக்கமென்றால் இடைவெளியில் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 8 கி.மீ. தூரம். எந்தத் திசை என்று அறிய வேறு ஊர்களின் பதிவும் வேண்டும்.

அதனால்தான் 1895இல் ஜப்பானை விட்டு இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறிய மில்ன், உலகெங்கும் ஒரே மாதிரிக் கருவிகளை வைக்கப் பாடுபட்டார். 1897 அசாம் நிலநடுக்கத்துக்குப் பிறகு கல்கத்தாவின் அலிப்பூரிலும் பம்பாயின் கொலாபாவிலும் 1899இல் கொடைக்கானலிலும் மில்ன் கருவிகள் வந்தன. புகைப்படத் தாளில் ஒளிக்கீற்றால் எழுதும் வகை அது. கொடைக்கானலில் குறித்த நேரங்கள் கப்பல் தபாலில் வைட் தீவுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதே தூரத்தைப் பூமிக்குள்ளாக முதல் அலை கடக்க சுமார் 12 நிமிடம்.