வாராவாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள்: பழைய கார்டன் டிராக்டரும் கனடாக் குளிரும்

முதல் பெரிய பனி கொட்டியதும் ஒன்டாரியோவில் ஜோர்ஜியன் விரிகுடாவை ஒட்டிய ஊர்களிலிருந்து எங்கள் பட்டறைக்குப் பழைய கார்டன் டிராக்டர்கள் வர ஆரம்பிக்கும். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டுக்கிட்டுதான் இருந்தேன், திடீர்னு நின்னுடுச்சு." அந்த அஞ்சு நிமிஷத்தால்தான் நின்றது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் அல்லவா.

எந்த வண்டியைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கடைகளில் இப்போது வாங்கும் லேசான புல்வெட்டி வண்டி இல்லை. 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த கப் கேடட், 1963இல் வந்த ஜான் டீர் 110, வீல் ஹார்ஸ், அப்புறம் எண்பதுகளின் ஜான் டீர் 318 மாதிரி கனத்த சட்டமும் இரும்புப் பின் அச்சும் கொண்டவை. இவற்றில் பலவற்றுக்கு கோலர் நிறுவனத்தின் கே வரிசை எஞ்சின்தான். கே301 என்றால் 12 குதிரைத்திறன், வார்ப்பிரும்பு, ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது. முன்னால் ஒரு பனி எறியும் கருவியை மாட்டினால் அறுபது வயதிலும் டிரைவ்வேயைச் சுத்தம் செய்து கொடுத்துவிடும். சரி, இவ்வளவு உறுதியான வண்டி ஏன் ஜனவரியில் படுத்துக்கொள்கிறது?

குளிர் ஒரு காரணம்தான். ஆனால் நான் பிரித்துப் பார்க்கும் வண்டிகளில் பழுதுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும்; கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் வேலை செய்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். மைனஸ் 15 டிகிரியில் ஐந்து நிமிடம் மட்டும் வேலை கொடுக்காமல் ஐடிலில் ஓட்டி அணைத்தால் உள்ளேயே தங்கி, ஆயிலோடு கலந்து, காப்பியில் பால் விட்ட நிறத்துக்கு வந்துவிடும். அடுத்த வாரம் இன்னொரு ஐந்து நிமிடம், இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் போய் உறையும் மோசமான இடம் பிரீதர். எஞ்சினுக்குள் ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு அது, கோலர் கே எஞ்சினில் வால்வுகளை மூடியிருக்கும் பக்கத் தட்டோடு சேர்ந்திருக்கும். அதில் ஐஸ் அடைத்துக்கொண்டால் அழுத்தம் போக வழி இல்லாமல் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பனியில் கறுப்பாக ஆயில் சொட்டியிருப்பதைப் பார்த்து, சீல் பழசாகிவிட்டது என்று புது சீல் போட்டு, அதுவும் ஒரு வாரத்தில் போய், அப்புறம்தான் இங்கே வருவார்கள். பிரீதரைக் கழற்றிக் கழுவுவது அரை மணி நேர வேலை, அக்டோபரிலேயே செய்துவிடலாம்.

பேட்டரியையும் அந்த ஐந்து நிமிடம்தான் கொல்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளைதான், பெல்ட்டால் சுற்றும். ஐடில் வேகத்தில் அது பேட்டரிக்குப் பெரிதாக எதுவும் கொடுப்பதில்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம் திரும்பி வருவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி இங்கே அடிக்கும் எந்தக் குளிரிலும் உறையாது, அதன் அமிலம் மைனஸ் 60க்குக் கிட்டே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தண்ணீராகிக்கொண்டே வரும். முழுக்க இறங்கிய பேட்டரி மைனஸ் 10ஐத் தொடுவதற்கு முன்பே உறைந்துவிடலாம். பக்கங்கள் உப்பியிருந்தால் சார்ஜரை மாட்டாதீர்கள், ஜம்பர் கேபிளும் வேண்டாம். உறைந்த பேட்டரி வெடிக்கும், அமிலம் முகத்தில் தெறிக்கும். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிம்மதி. சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன மெயின்டனர் சார்ஜர் ஒன்றைக் குளிர்காலம் முழுக்க மாட்டி வைத்தால் இந்தக் கதையே இல்லை. புதிதாக வாங்கும்போது சிசிஏ எண்ணைப் பாருங்கள், மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி எவ்வளவு ஆம்ப் கொடுக்கும் என்பதைச் சொல்வது அதுதான்.

எஞ்சின் கனமாகச் சுற்றுகிறது என்றதும் பெரிய பேட்டரி வாங்கப் பாய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் சட்டத்தில் இறுக்கியிருக்கும் எர்த் கேபிளைக் கழற்றி, துருவைச் சுரண்டிவிட்டு மாட்டிப் பாருங்கள். ஜெனரேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு இடைவெளி தவறிப்போனாலும் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு சரியாக வேலை செய்யாது, ஸ்டார்ட்டர் திணறும்.

ஆயில் விஷயத்தில் கோடையில் ஊற்றிய, குளிரில் கெட்டியாகிவிடும் எஸ்ஏஇ 30 ஆயிலை அப்படியே விடுவதுதான் பெரிய தப்பு. கோலர் கே எஞ்சினில் ஆயில் பம்பே கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துண்டு சுற்றும்போது ஆயிலை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். கெட்டியான ஆயிலில் அந்தத் துண்டு ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு சும்மா சுற்றும், மேலே ஒன்றும் போகாது. இந்த நிலையில் உடனே முழு வேகம் கொடுத்தால் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். குளிருக்கு, குளிரிலும் இளக்கமாக இருக்கும் 5டபிள்யூ-30 ஆயில், சிந்தெடிக் என்றால் இன்னும் நல்லது. ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் பாருங்கள், வாரத்துக்கு ஒரு தடவை போதாது.

எஞ்சின் மெதுவாகத்தான் சூடாகிறது என்று முன்னால் அட்டையைக் கட்டி மூடுகிறவர்களும் உண்டு. லாரி ரேடியேட்டருக்கு அது சரி. காற்றால் குளிரும் எஞ்சினின் விசிறிக் கம்பிவலையை மூடினால், வெளியே மைனஸ் 20 இருந்தாலும் சிலிண்டர் வெந்துவிடும்.

பெட்ரோலுக்கு வருவோம். இங்கே பம்பில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 10 சதவீத அளவுக்கு எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்ளும், ஆனால் குளிர் ஏற ஏற அதன் கொள்ளளவு குறையும், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அங்கிருந்து கார்புரேட்டருக்கு. டேங்கை நிரப்பியே வைத்தால் உள்ளே ஈரம் படிய இடம் குறைவு. இன்னொன்று, ஜூலையில் கேனில் வாங்கி வைத்த பெட்ரோலை ஜனவரியில் ஊற்றாதீர்கள். கோடைப் பெட்ரோல் குளிரில் சுலபமாக ஆவியாகாது, ஸ்டார்ட் ஆகாது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஈத்தர் ஸ்பிரேயை அடிப்பதை வழக்கமாக வைத்துக்கொள்வதற்குப் பதில் இதைச் சரிசெய்யுங்கள்.

கியர் வைத்த பழைய கப் கேடட் என்றால் கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் நேராகக் கியர்பாக்ஸுக்குள் போகும். கோடையில் ஒன்றும் தெரியாது. பனிக்காலத்தில் அடியில் ஐஸ் கட்டி, வண்டி நகரவே நகராது; கியரை முரட்டுத்தனமாகத் தள்ளினால் உள்ளே உடையும். கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் நகரும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் ஆயில் கெட்டியாக இருக்கும் என்பதால், சில நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். ஆயில் வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்து பனியோடு வண்டியைச் சூடான கராஜுக்குள் தள்ளுவது நல்ல பராமரிப்பு என்று பலருக்கு எண்ணம். பனி உருகி எறியும் கருவியின் உள்ளே வழியும், இரவில் கராஜ் குளிர்ந்ததும் இறைக்கும் சக்கரம் கூட்டோடு ஒட்டி உறையும். காலையில் அப்படியே கிளட்சைப் போட்டால் பெல்ட் கருகும், இல்லையென்றால் மற்ற பாகங்களைக் காப்பாற்றத் தானே முறியும்படி வைத்திருக்கும் ஷியர் போல்ட் முறியும். முறிந்த போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த தடவை முறிவது கியர்பாக்ஸ். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட்டுகளிலும் இதே கதைதான், ஈரம் படிந்தால் ஸ்பார்க் வராது. சுத்தமான அட்டையால் துடைத்து 0.020 அங்குல இடைவெளி வைத்தால் போதும். நிறுத்துவதற்கு முன் கருவியை ஓரிரு நிமிடம் வெறுமனே சுற்றவிட்டுப் பனியை உதறுங்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் சூடும் கொஞ்சம் குளிருமாக இருக்கும் கராஜைவிட முழுக்கக் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள ஷெட்டே மேல்.

கராஜ் என்றதும் கார்பன் மோனாக்சைடு. கதவைத் திறந்து வைத்திருக்கிறேனே என்பது போதாது, வீட்டோடு ஒட்டிய கராஜில் எஞ்சினைச் சூடாக்கவே கூடாது. வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்டாரியோவில் கராஜ் ஒட்டிய வீடுகளில் இதற்கான அலாரம் 2014 முதல் சட்டப்படி வேண்டியது, அலாரத்தின் பேட்டரியை மாற்றினீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடாதீர்கள். கருவியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்த பிறகும் பெல்ட்டில் இழுவிசை மிச்சமிருந்தால், அடைப்பு விடுபட்டதும் சக்கரம் கொஞ்சம் சுற்றும், விரல் போக அதுவே போதும். ஒரு கட்டையை வண்டியிலேயே கட்டி வையுங்கள். அறுபதுகளின் வண்டிகளில் சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சினை அணைக்கும் சீட் சுவிட்ச் என்ற ஒன்றே பெரும்பாலும் இருக்காது, பிந்தைய வண்டிகளில் இருப்பதையும் தொல்லை என்று ஒயரை முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். அப்படி இணைத்த வண்டி எங்களிடம் வந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலை, ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளலாம்.