கோணிய ரெக்கார்டுக்கும் ஞாபகம் உண்டு

"அப்பாவின் எல்.பி. ரெக்கார்டு (பெரிய இசைத்தட்டு) ஒன்று வெயிலில் நின்ற காருக்குள் கிடந்து அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து ஓவனில் சூடாக்கினால் சரியாகுமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

வேண்டாம். ஓவனில் 60 டிகிரி என்று திருப்பி வைத்தால் உள்ளே 50-க்கும் 80-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

எல்.பி. ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி. மேடு வரும்போதெல்லாம் ஊசி ஏறி இறங்குவதால் சுருதி ஆடும். மேடு பெரிதானால் ஊசி தாவிவிடும். இதை நிமிர்த்தவே ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வீட்டுக்கான இயந்திரங்கள் விற்கிறார்கள். உள்ளே இரண்டு சமதளத் தகடுகள், சூடேற்றி, வெப்பக் கட்டுப்பாடு. அவ்வளவுதான். விலையைக் கேட்டால்தான் நாம் நெளிவோம்.

சரி, தட்டை நிமிர்த்தும் சூடு ஊசி ஓடும், பாட்டு பதிந்திருக்கும் மயிரிழை அளவு வரிப்பள்ளங்களை ஏன் அழிப்பதில்லை?

பிளம்பர் பி.வி.சி. பைப்பின் வாயை நெருப்பில் காட்டி, இன்னொரு பைப்பைச் செருகி அகலமாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறியதும் அப்படியே நிற்கும். அதே வாயை மறுபடி சும்மா சூடாக்கிப் பாருங்கள், தானாகவே பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். உள்ளே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நூல்கண்டுச் சிக்கல் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிக்கலை அவிழ்க்காமல் இழுத்து, இழுத்த நிலையிலேயே உறைய வைத்ததுதான் அந்த அகன்ற வாய். சூடு பட்டு இளகியதும் சங்கிலிகள் பழைய இடத்துக்கே திரும்புகின்றன.

ரெக்கார்டும் பி.வி.சி. குடும்பம்தான். ஆலையில் 150 டிகிரியை ஒட்டிய சூட்டில், குழைந்த பிசினாக இருக்கும்போதே தட்டையும் பள்ளமும் ஒரே அழுத்தில் பிறந்துவிடுகின்றன. நெளிவு பின்னால் வந்தது, கார் சூட்டில் பாதி இளகியபோது ஏற்பட்டது. தூய பி.வி.சி. இளகத் தொடங்குவது ஏறத்தாழ 80 டிகிரியில். ரெக்கார்டில் வினைல் அசிடேட் என்ற இன்னொரு பொருளும் கலந்திருப்பதால் அதற்கும் கீழேயே. இயந்திரம் 55, 60 டிகிரியில் சில மணி நேரம் பிடித்து வைக்கும்போது நெளிவு மெல்ல விலகுகிறது. பள்ளமோ தட்டின் பிறவி உருவத்திலேயே சேர்த்தி. அதை அழிக்க இந்தச் சூடு போதாது. எனக்கு இதில் அலுக்காத இடம் இதுதான்.

ஆறுவதும் தகடுகளுக்கு நடுவேதான், அதுவும் நிதானமாக. ஒரு பக்கம் முந்தி ஆறினால் அந்தப் பக்கம் முந்திச் சுருங்கி, புதிய நெளிவு பிறக்கும்.

ரெக்கார்டிலிருந்து 'காந்தத்தை நீக்கும்' கருவியும் சந்தையில் உண்டு. பிளாஸ்டிக்கில் ஏது காந்தம்? அதற்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கலாம், செலவு குறைவு.

தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள். அது அரக்கும் கல்தூளும் கலந்தது, அழுத்தினால் உடையும்.

நண்பர் வீட்டு இயந்திரத்தில் என் தட்டு ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். ஆறுவதற்குள் அவசரப்பட்டு எடுத்தது என் தப்பு. சுழலவிட்டால் அதில் தெரியும் ட்யூப்லைட் பிம்பம் இன்னும் லேசாக ஆடுகிறது. ஊசி தாவவில்லை.