குளிப்பாட்டுவதற்கு முன் டாக்டர் பார்க்கட்டும்

பெங்களூரு அல்சூரில் ஒரு மார்கழி விடியல். கோயிலுக்குப் புறப்பட நாலு மணிக்கே குளிக்கப் போன அம்மாள் விழுந்து எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. உடலைக் கூடத்தில் கிடத்தி, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். பல வருடங்களாக என்னிடம் சர்க்கரைக்கு மருந்து வாங்கியவர்.

“மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் டாக்டர். கல்பள்ளி மயானத்தில் நேரம் சொல்லியாயிற்று” என்றார் அவருடைய அண்ணன். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது கல்லூரியில் என் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது: முதுகைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, மகளின் துணையோடு உடலைத் திருப்பினேன். இறந்தபின் ரத்தம் தாழ்வான பக்கத்துக்கு இறங்கித் தோலில் கறையாகத் தெரியும். வழக்கமாக அது கருநீலம். இங்கே இளஞ்சிவப்பு. நகக்கண்களும் உதட்டின் உட்புறமும் அதே நிறம். கார்பன் மோனாக்சைடு! காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் உண்டாகும் நச்சுவாயு அது; ரத்தத்தை இப்படிச் சிவப்பாக்கும். குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன்: உள்ளேயே கேஸில் வெந்நீர் போடும் கீசர், குளிருக்காக ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். உடலை எடுத்தபின் வீட்டில் எல்லோரும் தலைமுழுக வேண்டுமே என்று மருமகள் அதே கீசரைப் பற்றவைக்கத் தீப்பெட்டியுடன் நின்றிருந்தார்.

சான்றிதழ் தராமல் காவல் நிலையத்துக்குச் சொன்னேன். “அறுக்க விடுவீர்களா டாக்டர்?” என்று அண்ணன் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தம் என் சந்தேகத்தை உறுதி செய்தது.

எம்.பி.பி.எஸ். படிக்கையில் பிணவறையில் மேசையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். உறவினர்கள் அழும் கூடத்தில், துக்கத்தைப் புண்படுத்தாமல், சேலையைத் தளர்த்திப் பார்க்க அனுமதி கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் இறந்தவரின் உடலைப் பரிசோதிப்பதில் குடும்ப மருத்துவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இமைகளின் உட்புறத்தில் ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளிகள் இருந்தால் மூச்சு அடைபட்டு இறந்தாரோ என்று நினைக்க வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடந்த முதியவரிடம் படுக்கைப்புண்ணும் பட்டினியின் அடையாளமும் உண்டா என்று பார்ப்பதும் நம் வேலைதான். வெளிச்சத்துக்கு ஒரு டார்ச், நாலு நிமிடம், இவ்வளவுதான் தேவை.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், கடைசி நோயில் சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்பின் காரணத்தைக் கட்டணமின்றி எழுதித் தரவேண்டும் என்கிறது. வீட்டு மரணத்துக்கு 4ஏ படிவம். அதில் “இதயம் நின்றது” என்று மட்டும் எழுதுவது காரணமே ஆகாது. எந்த மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்று எழுத முடியாவிட்டால், அல்லது இயற்கை மரணம்தானா என்ற ஐயம் வந்தால், கையெழுத்துப் போடாமல் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பகை வரும் என்று தயங்குகிற இளம் மருத்துவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவர் வந்து பார்க்கும்வரை உடலைக் குளிப்பாட்டாதீர்கள், உடை மாற்றாதீர்கள், விழுந்த இடத்தைக் கழுவிவிடாதீர்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால், இன்றே ஆள் வைத்து அதை வெளிப்பக்கம் மாற்றுங்கள்.