வெள்ளைச் சுவருக்குள் இருக்கும் எஃகு

கடற்கரைக் கட்டடங்களில் துருவின் பாதிப்பை ஆய்வு செய்வது என் தொழில். பெயின்ட் அடித்தாலே பராமரிப்பு முடிந்தது என்று நம்புகிறவர்களிடம் நான் எடுத்துச்சொல்வது இங்கிலாந்தின் தென்கரையில், பெக்ஸ்ஹில் நகரில் உள்ள டி லா வார் பெவிலியன் என்ற பொது அரங்கக் கட்டடத்தைத்தான்.

எல்லா மக்களுக்கும் பொதுவான ஓர் அரங்கம் வேண்டும் என்று விரும்பியவர் அந்நகரின் சோஷலிச மேயர், ஒன்பதாவது டி லா வார் பிரபு. 1934-இல் நடந்த போட்டிக்கு 230-க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. நாஜி ஆட்சியிலிருந்து வெளியேறிய கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சோனும் அவருடைய கூட்டாளி செர்ஜ் செர்மயெஃபும் வென்றார்கள். 1935 டிசம்பரில் கட்டடம் திறக்கப்பட்டது.

நாடகத்துக்கு இருட்டு வேண்டும். கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். அதனால் அரங்கம் கனத்த சுவர்களுக்குள் மூடியிருக்கிறது. உணவகமும் படிப்பகமும் நீண்ட கண்ணாடிகளோடு கடலைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் நடுவே, அரைவட்டக் கண்ணாடிக் கூண்டுக்குள் சுழன்று ஏறுகிறது படிக்கட்டு. அந்த நூற்றாண்டின் மிக அழகான படிக்கட்டுகளில் ஒன்று அது என்பேன். இவ்வளவு மெல்லிய கட்டமைப்பைச் சாத்தியமாக்கியவர் பொறியாளர் ஃபெலிக்ஸ் சாமுவேலி. ரிவெட் அடிக்காமல் முழுக்க வெல்டிங் செய்த எஃகுச் சட்டகம், அன்றைய பிரிட்டனுக்குப் புதிது.

ஆபத்தும் அந்த எஃகில்தான் இருக்கிறது. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் இறங்கி, இரும்பைக் காக்கும் மெல்லிய படலத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மேலுள்ள கான்கிரீட் வெடித்து உதிரும். தட்டைக் கூரையும், மழையைத் தள்ளிவிடும் நீட்சியில்லாத வழுவழுப்பான சுவரும் நவீனத்துவக் கட்டடப் பாணியின் அழகு. தண்ணீர் தேங்கவும் சுவரில் வழியவும் அவையே வழி. பெவிலியனும் பல ஆண்டுகள் சீரழிந்தது. 1986-இல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த பாரம்பரியக் கட்டடத் தகுதியைப் பெற்றபின்பும், முழுமையான சீரமைப்பு 2005-இல்தான் முடிந்தது.

விரிசல்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். துரு உள்ளே வேலையைத் தொடர்கிறது, கண்ணில்தான் படுவதில்லை. கடலோரத்தில் உங்கள் பொறுப்பில் ஒரு கட்டடம் இருந்தால், முதலில் கூரை வடிகாலைத் திறந்து பாருங்கள். சுவரைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற பொள்ளல் ஓசை எங்கே கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துளையிட்டு எடுத்த கான்கிரீட் தூளில் குளோரைடு எந்த ஆழம்வரை போயிருக்கிறது என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கை கைக்கு வந்தபிறகு பெயின்டுக்கு டெண்டர் விடுங்கள்.